ஒரு சிட்டிகை மருந்தும் ஒன்பதாம் பிரிவும்

நம்ம ஒரகடத்தில் தினமும் புல்லட் தயாராகிறது. யாரும் பயப்பட வேண்டாம், இரண்டு சக்கரம் வைத்த புல்லட்தான் :-) அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1890களில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து தரும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் 'என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிப் படத்தை முத்திரையாகப் போட்டார்கள். துப்பாக்கியைப் போலச் செய்தது என்று விளம்பரமும் செய்தார்கள். அந்த வண்டியில் வந்து இறங்கினால் நம் காலேஜ் பார்க்கிங்கில் தனி மரியாதை.

உண்மையிலேயே துப்பாக்கி தெரிந்தவர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஊசி மணி பாசி மணி விற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. பறிமுதல் செய்த ஒரு நாட்டுத் துப்பாக்கி, டேபிள் மேல் வரிசையாக அடுக்கிய சில புறாக்கள், பின்னால் நாலு அதிகாரிகள். எந்த ஊர், எந்த வருஷம் என்று எதுவும் இல்லை. கீழே நண்பன் ஒருவனின் தீர்ப்பு: "இவனுங்க எல்லாரையும் குண்டாஸ்ல போடணும்." கைதட்டும் பொம்மைகள் இருபதுக்கு மேல். நான் "ஏன்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அதற்கு வந்த திட்டுகளுக்கு அங்கேயே பதில் சொல்லி முடியாது என்பதால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஜிஎஸ்டி பற்றிய போன பதிவுக்குப் போய்த் தூங்கலாம்.

முதலில் அந்தத் துப்பாக்கி என்ன பொருள் என்று பார்ப்போம். சினிமாவில் வருவது போல மேகசின் சொருகி டடடட என்று சுடும் கருவி இல்லை. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன் மேல் தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, பிறகு ரவையோ பால்ரஸ் குண்டோ போட்டு, மறுபடி நார் வைத்து அடைத்து, பின்பக்கம் ஒரு கேப்பு மாட்டிச் சுட வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் குருவி அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

கம்பெனியில் செய்த தோட்டாவில் மருந்து அளவை நாம் மாற்ற முடியாது. கையால் கெட்டிப்பதில் முடியும். சின்ன உயிருக்குச் சின்ன அளவு, பெரிய உயிருக்குப் பெரிய அளவு. அமெரிக்காவில் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். மான் சுடுகிற பெரிய ரைஃபிளின் காலித் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்து, ஈயக் குண்டு வைத்து, வீட்டுக் கொட்டகையில் கைப்பிடி மெஷினில் அழுத்தி, அணிலும் முயலும் சுட எடுத்துப் போகிறார்கள். சத்தம் குறைவு, உதை குறைவு, செலவு குறைவு, கறியும் சிதறாது. இதற்கென்றே தனி வெடிமருந்து டப்பா கடையில் விற்றிருக்கிறார்கள். புத்தகம் போடுகிறார்கள், பேசிப் பேசி மாய்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ஹாபி.

நம் பஸ் ஸ்டாண்ட் தாத்தாவிடம் ஒருநாள் பாசி மணி வாங்கும் சாக்கில் இதைக் கேட்டேன். "அதெல்லாம் எங்கப்பன் காலத்துல சாமி. சிட்டுக்கு ஒரு அளவு, கவுதாரிக்கு ஒரு அளவு, மொசலுக்கு ஒரு அளவு. கூடப் போட்டா குருவி எங்க சாமி மிஞ்சும்? எறகுதான் மிஞ்சும்" என்றார். அப்புறம் எங்கள் செலவுக் கணக்கியல் புத்தகம் முப்பது பக்கத்தில் சொல்வதை ஒரே வரியில் சொன்னார்: "மருந்து காசு சாமி."

இதில் இருக்கும் விஞ்ஞானம் சாதாரணம் இல்லை. குண்டின் வேகம் பாதியானால் அதன் ஆற்றல் பாதியாவதில்லை, கால்வாசி ஆகிவிடும். ராணுவத்தின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஏறத்தாழ 3,300 ஜூல் ஆற்றலோடு கிளம்புகிறது. சின்ன ரக .22 தோட்டா அதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மருந்தைக் குறைப்பது என்றால் கையை அடக்கிப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். புகையில்லா மருந்து என்றால் அளவு குறைந்து குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கும். கரிமருந்து என்றால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடக்கூடாது, அதுவும் ஆபத்து. தாத்தாவின் அப்பா நாரை அவ்வளவு கவனமாக இடித்ததற்குக் காரணம் இதுதான். எழுதிவைத்த அட்டவணை இல்லை, தராசு இல்லை, உள்ளங்கைதான் அளவு. இப்படி ஒரு அறிவைத்தான் நாம் குண்டாஸில் போடச் சொல்கிறோம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் 'சிறு வேட்டை' என்று ஒரு தனி அட்டவணையே இருந்தது. நாலாவது அட்டவணை. சிறு வேட்டைக்கு லைசென்ஸ் என்ற ஏற்பாடும் அதே சட்டத்தில் இருந்தது. 1991 திருத்தம் அந்த லைசென்ஸ் ஏற்பாட்டைத் துடைத்து எடுத்துவிட்டது. 2022 திருத்தம் அட்டவணைகளைச் சுருக்கி, அபராதங்களை ஏற்றியது. இன்றைக்கு ஒன்பதாம் பிரிவு சொல்வது, அட்டவணையில் உள்ள எதையும் வேட்டையாடாதே என்பதுதான். பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

இன்னொரு பக்கம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஒன்று முதல் மூன்று ஆண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரித்தால் ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை.

இந்த எண்களையெல்லாம் போட்டது ஒரு கேள்விக்காக. பறவையைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 1991இல் எடுத்த முடிவு சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு சமூகத்தின் பிழைப்பைச் சட்டம் போட்டு மூடினீர்களே, அதற்கு என்ன கொடுத்தீர்கள்?

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. சங்கம் போராடியது, அரசாங்கம் பேசியது, பத்திரிகைகள் எழுதின, விருப்ப ஓய்வுத் தொகை கிடைத்தது. போதுமா போதாதா என்பது வேறு பஞ்சாயத்து. ஆலையை மூடினால் வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். குருவிக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த வேலைக்கு எத்தனை நாள் சம்பளம்? பூஜ்யம். 2008இல் ஒரு நலவாரியம் வந்தது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி 1965இலேயே சொல்லியிருந்தும், நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 2022 டிசம்பர் ஆகிவிட்டது. 57 வருஷம்! ஒரு ஃபைல் நகர எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்று தலைமுறை பாசி மணி கோத்துவிட்டது.

இங்கே ஒருவன் கண்டிப்பாகக் கேட்பான்: "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே மச்சி?" ஒன்றுதான் என்றால் எனக்கும் சந்தோஷம். பார்ப்போமா?

குடகு நாட்டுக்குப் போங்கள். குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டியது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் சலுகை செல்லும் என்றது. அவர்களின் கைல் போல்து பண்டிகையில் துப்பாக்கியை வைத்துக் கும்பிடுகிறார்கள், மரத்தில் தேங்காய் கட்டிச் சுடும் போட்டி நடத்துகிறார்கள். அழகான பண்டிகை, நான் குறை சொல்லவில்லை. அங்கேயும் வேட்டைக்குத் தடை உண்டு. ஆனால் வேட்டையைத் தடை செய்ய வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கியைப் பிடுங்க வேண்டியதில்லை என்று குடகு விஷயத்தில் அரசுக்குப் புரிகிறது. குருவிக்காரர் விஷயத்தில் மட்டும் புரிய மாட்டேன் என்கிறது. குடவர்கள் நிலம் வைத்திருப்பவர்கள், பட்டாளத்துக்கு ஆள் கொடுத்தவர்கள். குருவிக்காரருக்கு நிலமும் இல்லை, ஜெனரலும் இல்லை.

அடுத்து சலீம் அலி. இந்தியப் பறவையியலின் தாத்தா. சின்ன வயதில் ஏர்கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு, அதன் கழுத்தில் மஞ்சள் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டதில்தான் அவருடைய பறவை வாழ்க்கை தொடங்கியது. அவரே சொன்ன கதை. அந்தக் காலத்துப் பறவையியலாளர்கள் மியூசியத்துக்கு மாதிரி சேகரித்தது எப்படி? சுட்டுத்தான். இறகு கெடாமல் இருக்கப் பொடிப்பொடியான ரவையும் குறைந்த மருந்தும் போட்ட சின்னத் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். தாத்தாவின் அப்பா செய்த அதே வேலை! ஒருவர் செய்தது விஞ்ஞானம், இன்னொருவர் செய்தது திருட்டு. (சலீம் அலி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், நானும் ரசிகன்தான்.)

"ஆபத்தான ஆயுதத்தை எப்படிப்பா அனுமதிக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் ஆபத்தை அளக்கச் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஏர்கன்னுக்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. 20 ஜூலுக்கு மேல் போகாத 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். ஆக, ஜூல் என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தாகிவிட்டது. ஸ்போர்ட்ஸ் கடையில் வாங்குகிற பையன் என்றால் ஜூலைப் பார்க்கிறீர்கள், குருவிக்காரர் என்றால் ஆளைப் பார்க்கிறீர்கள்.

பெரிய ஆற்றலின் ஆபத்து எப்படி இருக்கும் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களைக் கேளுங்கள். 2021 டிசம்பர் 30ஆம் தேதி நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து கிளம்பிய குண்டு, தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பையன் இறந்துபோனான். சீருடை, உரிமம், பயிற்சித் தளம் எல்லாம் இருந்தன. நாட்டுத் துப்பாக்கியால் விபத்தே நடக்காது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை, நடக்கிறது. ஆனால் குறைந்த மருந்தில் கிளம்பும் சன்ன ரவை வயலின் அடுத்த வரப்பைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். இந்த இரண்டும் ஒன்று என்று சொல்வது, டிவிஎஸ் எக்ஸெலுக்கும் டேங்கர் லாரிக்கும் ஒரே லைசென்ஸ் கேட்பதைப் போன்றது.

எதிர்த் தரப்பில் இருக்கும் பலமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் கொண்டுவந்து போடுவீர்கள். 2020 ஜூனில் திருச்சி ஜீயபுரம் பக்கம் ஒரு நரி, கறிக்குள் ஒளித்த வெடியைக் கடித்துச் செத்தது. அதற்காக 12 பேர் கைதானார்கள், நரிக்குறவர்கள். படித்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. அதை நியாயப்படுத்த ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவுட்டுக்காய்க்குக் கண் கிடையாது. நரி கடித்தாலும் வெடிக்கும், நாய் கடித்தாலும் வெடிக்கும், யானை கடித்தாலும் வெடிக்கும். 2020இல் கேரளாவில் கர்ப்பிணி யானை ஒன்று வாய் சிதைந்து தண்ணீரில் நின்றே உயிர் விட்டதே, அதுவும் வெடி வைத்த பழத்தால்தான். குறி பார்த்து, அளவு பார்த்து, ஒரே ஒரு முறை சுடும் பழக்கம் ஒரு சமூகத்திடமிருந்து போய்விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. இதைவிடக் கேவலமான ஒன்று வந்து உட்காரும். கண்ணி, விஷம், வெடி.

பறவைக் காவலர்கள் எல்லாரும் வேட்டைக்காரனை மட்டுமே எதிரியாக வரைகிறார்கள். வேடந்தாங்கல் கதை தெரியும்தானே? நம் பக்கத்து மாவட்டம். அந்த ஊர்க்காரர்கள் 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். கொக்கையும் நாரையையும் சுட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? கம்பெனி சிப்பாய்கள். வெள்ளைக்காரத் துப்பாக்கியிடமிருந்துதான் ஊர் தன் பறவைகளைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் இன்றைக்குப் பாடப்புத்தகப் படத்தில் பறவைக்கு எதிரி என்றால் தலைப்பாகை கட்டி, தோளில் கொக்கைத் தொங்கவிட்ட ஒருவர்.

நம் தாலுகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம், மாம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை... சிப்காட் வராத பக்கம் எது? வாய்க்காலை மறித்த மதிலும் மண் கொட்டி நிரவிய தாங்கலும் பஸ்ஸில் போகும்போதே தெரிகின்றன. வேலை வந்தது, என் அண்ணனும் அந்த வேலையில்தான் இருக்கிறார், நன்றி இல்லாமல் பேசவில்லை. ஆனால் ஒரு தாங்கலை மூடினால் போகிற காடை, கவுதாரி, உள்ளான்களின் எண்ணிக்கையை ஒரு குருவிக்காரர் ஆயுள் முழுக்கச் சுட்டாலும் எட்ட முடியாது. பரந்தூரில் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கிறார்கள், அதில் ஏரிகளும் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடுகிறார்கள். ஏரியை மூடுகிறவருக்கு ஒற்றைச் சாளர அனுமதி. ஏரிக்கரையில் நிற்கிறவருக்கு ஒன்பதாம் பிரிவு.

'சரி, அதற்கு என்னதான் செய்யச் சொல்கிறாய்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டும். வெறும் புலம்பல் பதிவு எழுத எனக்கும் விருப்பமில்லை.

இருளர்களைப் பாருங்கள். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 சட்டம் அவர்கள் பிழைப்பையும்தான் மூடியது. ஆனால் ராமுலஸ் விட்டேகர் மாதிரி சிலர் கூட நின்றதில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இன்று மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2017இல் இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்தார்கள். 2023இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே சட்டம், அதே காலம், அதே மாதிரி கைத்திறன். ஒரு பக்கம் அதைத் திறமை என்று கணக்கில் வரவு வைத்தார்கள், இன்னொரு பக்கம் குற்றம் என்று பற்று எழுதினார்கள். பி.காம் படிக்கிறவன் இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியுமா?

பிடிக்கத் தெரிந்தவர்களைப் பறவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியதும் நடந்த கதைதான். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையம் மாட்டியபோது பிடித்துக் கொடுத்தவர்களில் பேர்போனவர் பீகாரிலிருந்து வந்த அலி ஹுசைன். பரம்பரைப் பறவை பிடிப்பவர். ஒரு காயமும் படாமல் பிடிப்பார்.

துப்பாக்கிக்கு என்ன வேலை இருக்கிறது? இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படியுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், வேறு தடை இல்லாவிட்டால், உரிமம் தர வேண்டும் என்றே இருக்கிறது. நம் தாத்தாவின் துப்பாக்கியைப் பெயர் சொல்லி எழுதி வைத்த பிரிவு! சிக்கல் என்னவென்றால் அவருக்குப் பயிர் கிடையாது. பயிர் வைத்திருப்பவருக்கோ சுடத் தெரியாது. நடுவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தால் இந்த முடிச்சு அவிழும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் இது ஏற்கெனவே பாதி நடந்தாகிவிட்டது. கேரளாவில் 2022இலிருந்து உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வைத்துப் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம். வனத்துறையிடம் இருக்கும் ஆட்களோ கொஞ்சம். சுடத் தெரிந்த சமூகத்தை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஆள் பற்றாக்குறை என்று சொல்வது என்ன நிர்வாகமோ!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பன்றிக்குக் குறைமருந்து ஆகாது. காயம்பட்ட பன்றி ஆளைக் கிழித்துவிடும், பன்றிக்கும் அது சித்திரவதை. எதற்கு எவ்வளவு என்று தெரிந்த கைதான் அங்கே வேண்டும். குறைமருந்தின் உண்மையான இடம் வேறு: குண்டே இல்லாமல், மருந்தும் நாரும் மட்டும் கெட்டித்துப் போடும் வெற்று வெடி. கதிர் முற்றுகிற நேரத்தில் கிளியையும் குருவிக் கூட்டத்தையும் கிளப்பிவிட அது போதும். ஒரு உயிரும் போகாது, ஒன்பதாம் பிரிவும் தூங்கலாம். விமான நிலையங்களில் இதே வேலையைச் சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள். ஓடுபாதையில் பறவை மோதாமல் இருக்க வெடிச்சத்தம் போட்டு விரட்ட ஆள் வைத்திருக்கிறார்கள். ஏரிக்கு நடுவில் விமான நிலையம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அதையும் மீறிக் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், பறவை விரட்டும் வேலைக்கு டெண்டர் விட்டு எங்கிருந்தோ ஏஜென்சி ஆட்களைக் கொண்டுவராதீர்கள்.

உரிமத்துக்கு இன்றைக்குக் கேட்பவை: நிரந்தர முகவரி, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, ஆன்லைன் பதிவு. கடைசி மூன்றும் நியாயம், இருக்கட்டும். முதல் இரண்டில்தான் எல்லாரும் விழுகிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவருக்கு நிரந்தர முகவரி எங்கிருந்து வரும்? விசாரணைக்கு வருகிறவர் பார்வையில் சாதிப் பெயரே குற்றப்பத்திரிகை. சங்கத்தின் பெயரில் முகவரி, சங்கத்தின் அறையில் பூட்டிய அலமாரி, எடுத்ததற்கும் வைத்ததற்கும் பதிவேடு, மருந்து வாங்கியதற்கும் செலவழித்ததற்கும் இருப்புக் கணக்கு. இந்தக் கணக்கை எழுத நம் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறோம், கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் காத்துக்கொண்டு.

மனு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாள். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கும் அவர்கள் குடியிருப்புக்கும் போய், இது அவர்களுக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டும். 'எங்களுக்குத் துப்பாக்கி வேண்டாம், புள்ளைங்களுக்கு ஜாதிச் சான்றிதழ் ஒழுங்காக் குடுக்கச் சொல்லு சாமி' என்று சொன்னால் மனுவை அப்படியே மாற்றி எழுதுவேன். சட்டக் கல்லூரியில் படிக்கிற யாராவது 13ஆம் பிரிவை இன்னொரு முறை சரிபார்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். கூட வர இரண்டு பேர் தேவை. குண்டாஸ் கேட்ட நண்பனும் வரலாம், பஸ் டிக்கெட் நான் எடுக்கிறேன்.